குகைக் கல்வெட்டுகளைப் படமெடுக்க டி7200-க்குப் பதிலாக எடை குறைந்த கேமரா எது?

கல்லெழுத்து (மேலூர்)

வணக்கம். பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். விடுமுறை நாள்களில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறித் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளையும், பிற்கால வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் படமெடுத்து வருகிறேன். மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, ஆனைமலை, கொங்கர் புளியங்குளம் என்று எல்லாமே வீட்டிலிருந்து போய்த் திரும்பக்கூடிய தூரம். பாடநூலில் அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பதைவிட, கல்லில் உளி பட்ட தடத்தைப் பெரிதாக்கிக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் தெரியும் வியப்பே வேறு. நானும் வீட்டில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்கிறேன். ஆகவே படம் அழகாக இருப்பது எனக்கு இரண்டாம் பட்சம். உளியால் வெட்டிய எழுத்துக் கீற்று எது, பாறையின் வெடிப்பு எது என்று பிரித்தறிய முடிய வேண்டும்.

இப்போது வைத்திருப்பது நிக்கான் டி7200. பேட்டரியும் கார்டும் சேர்த்து 765 கிராம். அதோடு 18-140 மி.மீ. ஜூம் லென்ஸ் 490 கிராம், பழைய ஏஎஃப்-டி வகை 60 மி.மீ. மைக்ரோ லென்ஸ் 440 கிராம். தண்ணீர், டார்ச், அளவுகோல் எல்லாம் சேர்ந்தால் பை கனத்துவிடுகிறது. கழுத்தெலும்பில் தேய்மானம் இருக்கிறது, எடையைக் கழுத்தில் மாட்டாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எடையைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. குகைத் தளத்துக் கல்வெட்டுகள் பலவும் நெற்றிப் பாறையில், மழைநீர் உள்ளே வடியாமலிருக்க வெட்டிய காடியை ஒட்டி, தலைக்கு மேலே இருக்கும். டி7200-இன் திரை அசையாது. பாறையில் மல்லாந்து படுத்தோ, தலையை முழுக்க அண்ணாந்தோதான் பார்க்க முடிகிறது. இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு இனி அது ஆகாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். மேலும் பல இடங்களில் அதன் மூன்று கால்களையும் ஊன்றத் தட்டையான இடமே கிடையாது.

செல்பேசியில் எடுக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். அது பல படங்களைச் சேர்த்து, விளிம்புகளைத் தானாகவே கூர்மையாக்கிவிடுகிறது. பாறையின் இயற்கையான வெடிப்பும் எழுத்துக் கீற்றைப் போலவே எடுப்பாகத் தெரிகிறது. கீழவளவில் எழுத்துகள் இடவலம் மாறியும் தலைகீழாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு பொய்க் கீற்று சேர்ந்தாலும் வாசிப்பு கெட்டுவிடும்.

கையில் 90,000 ரூபாய் வரை இருக்கிறது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3 போன்ற சிறிய கேமராக்களே போதுமா? மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்க வேண்டுமா? மிரர்லெஸ் என்றால் என் பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

—

பழைய_நிக்கான் (திருச்சி)

ஐயா, உங்கள் கேமராவில் குறையொன்றும் இல்லை. 24 மெகாபிக்சல், நல்ல சென்சார். 2015-இல் வந்தது என்பதால் அது கிழடாகிவிடவில்லை. 18-140-ஐ வீட்டில் வைத்துவிட்டு 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டிக்கொண்டு போங்கள். அது 200 கிராம்தான், விலையும் குறைவு. கழுத்து வாரைக் கழற்றிவிட்டு, தோளிலிருந்து குறுக்கே போடும் வாருக்கு மாறினால் பாரம் முதுகுக்குப் போய்விடும்.

பேட்டரியையும் நினைத்துப் பாருங்கள். டி7200-க்கு ஒரு சார்ஜில் 1,110 படங்கள் என்று நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. இந்த வகை மிரர்லெஸ்ஸிலும் சிறிய கேமராக்களிலும் பலவற்றில் 300-ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வரும். மலை மேல் சார்ஜ் போட இடமேது? படமெடுக்கும்போது கேமராவுக்குள் கண்ணாடி மேலெழும் அதிர்வுதான் கவலை என்றால், மெனுவில் எக்ஸ்போஷர் டிலே என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி எழுந்து சற்று நேரம் கழித்தே ஷட்டர் திறக்கும். அசையாத பாறைக்கு அது போதும்.

திரை திரும்பாது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

—

ஈரக்காடு (கோவை)

சார், நான் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூச்சிகளைப் படமெடுப்பவள். பாறை என் துறை இல்லை. ஆனால் டிரைபாட் இல்லாமல் இருட்டில் எடுப்பது என் அன்றாட வேலை என்பதால் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஓஎம் சிஸ்டம் (முன்பு ஒலிம்பஸ்) நிறுவனத்தின் ஓஎம்-5 மிரர்லெஸ். பேட்டரியோடு 414 கிராம். 12-45 எஃப்/4 லென்ஸ் 254 கிராம். இரண்டும் சேர்ந்து உங்கள் டி7200-இன் உடலைவிடவே குறைவு. சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்யும். ஓடும் பூச்சிக்கு அதனால் பாதிப் பயன்தான், ஏனென்றால் என் கை நின்றாலும் பூச்சி நிற்காது. உங்கள் பாறைக்கோ முழுப் பயன். அகலக் கோணத்தில் கால் வினாடி, அரை வினாடி கூடக் கையில் பிடித்தே எடுக்கலாம். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்ற வேண்டியதில்லை. குகைக்குள் இதன் அருமை தெரியும்.

இன்னொரு வசதியும் உங்களுக்குப் பொருந்தும். கையில் பிடித்தபடியே பல படங்களை அடுக்காக எடுத்து 50 மெகாபிக்சல் படமாகச் சேர்த்துத் தரும். அசையாத பொருளுக்கு மட்டுமே அது சரிப்படும். திரை எல்லாப் பக்கமும் திரும்பும், தூறலையும் தாங்கும்.

சென்சார் சிறியது என்பதால் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) எஃப்/8-க்கு மேல் மூடாதீர்கள். படம் மெல்ல மங்கத் தொடங்கும். புதிதாக வாங்கினால் நீங்கள் சொன்ன தொகையைத் தாண்டலாம். பழையதாக ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 3 கிடைத்தால் பாருங்கள். எடையும் சென்சாரும் ஏறக்குறைய அதேதான். கையில் பிடித்து 50 மெகாபிக்சல் எடுக்கும் வசதி மட்டும் அதில் கிடையாது. எதை வாங்கினாலும், பழுதானால் எங்கே சரிபார்ப்பார்கள் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். இந்தக் கேமராக்களுக்கு எல்லா ஊரிலும் ஆள் கிடைப்பதில்லை.

—

காவிரிக்கரை (கும்பகோணம்)

ஐயா, எங்களுடையது ஸ்டூடியோ தொழில். ஓய்ந்த நேரங்களில் கோயில் சுவர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று. கல் ஓடாது. இன்று மிரர்லெஸ் கேமராக்களின் விலையில் பெரும்பங்கு எதற்குப் போகிறது? பறக்கும் பறவையின் கண்ணைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸுக்கு, வினாடிக்கு இருபது முப்பது படங்களுக்கு, வீடியோவுக்கு. உங்களுக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். கடைக்காரர் இவற்றைச் சொல்லி அடுத்த மாடலைக் காட்டினால், கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியவை நான்கு: திரும்பும் திரை, ஒற்றைக் கையில் நிற்கும் எடை, நல்ல ரா ஃபைல் (கேமரா தானாகக் கூர்மையாக்காத மூலக் கோப்பு), நடுக்கத் தடுப்பு.

ஒற்றைக் கை என்று சொன்னதுதான் முக்கியம். கல்வெட்டைப் படிக்கவைப்பது கேமரா அல்ல, சாய்வெளிச்சம். டார்ச்சைப் பாறைப் பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், தேய்ந்துபோன கீற்றிலும் நிழல் விழும். நேரே அடித்தால் எழுத்தே காணாமல் போய்விடும். வலக்கையில் கேமரா, இடக்கையில் டார்ச் என்று தனியாளாக நிற்க வேண்டியவர் நீங்கள். ஒன்றேகால் கிலோவை ஒரே கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அசையாமல் எடுப்பது யாராலும் ஆகாது. அரைக் கிலோவை ஒட்டி இருந்தால் ஆகும். எடை குறைந்த கேமரா உங்களுக்குச் சொகுசு இல்லை, வேலைக்கான கருவி.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கீற்று படத்தில் மறைந்துவிடும். இடப்பக்கமிருந்து அடித்தால் நெடுங்கோடுகள் எழும்பும், கிடைக்கோடுகள் அமுங்கும். ஆகவே நின்ற இடத்தை மாற்றாமல் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கீற்று எது, வெடிப்பு எது என்று கேட்டீர்களே, மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். ஒரே படத்தை எவ்வளவு விலையுயர்ந்த கேமராவில் எடுத்தாலும் தெரியாது.

இனி கேமராவுக்கு வருகிறேன். ஜிஆர் 3 அருமையான கருவி. 257 கிராம்தான், அதற்குள் உங்கள் டி7200-இல் இருக்கும் அளவுக்கே பெரிய சென்சார். ஆனால் திரை அசையாது, வியூஃபைண்டரும் இல்லை. நெற்றிப் பாறைக்கு அது ஆகாது, அங்கேயே தள்ளிவிடலாம். ஆர்எக்ஸ்100 மார்க் 7 வெறும் 302 கிராம். திரை மேலும் கீழும் சாயும், ஜூம் 24 முதல் 200 மி.மீ. வரை எட்டும். சென்சார் பரப்பு மட்டும் உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். வெயிலில் நிற்கும் கோயில் அடித்தளக் கல்வெட்டுக்குத் தாராளமாகப் போதும். குகைக்குள் ஐஎஸ்ஓ ஏறும்போது பாறையின் சொரசொரப்பும் படத்தின் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கீற்றைத் தேடுபவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

என் தேர்வு நிக்கான் இசட்50. 2019-இல் வந்த மாடல், 450 கிராம். அதோடு வரும் 16-50 லென்ஸ் 135 கிராம். மொத்தம் 585. நீங்கள் இப்போது தூக்குவதில் பாதிக்கும் குறைவு. திரை மேல்நோக்கியும் சாயும், கீழ்நோக்கி முழுவதுமாகவும் மடங்கும். கேமராவைத் தலைக்கு மேலே நீட்டி, கீழே நின்றபடியே பார்த்து எடுக்கலாம். உங்கள் கழுத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோவை சகோதரி சொன்ன சென்சார் நடுக்கத் தடுப்பு இதில் இல்லை, லென்ஸில் மட்டுமே உண்டு. அந்த ஒரு விஷயத்தில் ஓஎம்-5 மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு அரை வினாடி ஷட்டர் அவ்வளவாகத் தேவைப்படாது.

அடாப்டர் கணக்கைக் கவனியுங்கள். இசட்50-உடன், பழைய நிக்கான் லென்ஸை அதில் பொருத்த உதவும் 135 கிராம் எஃப்டிஇசட் அடாப்டரும், அதில் உங்கள் 18-140-ம் மாட்டினால் 1,075 கிராம். இப்போதிருப்பது 1,255. மிச்சம் 180 கிராம்தான். இதற்கா புதுக் கேமரா? கண்ணாடிப் பெட்டியை எடுத்துவிட்டதால் உடல்தான் ஒல்லியானது, பழைய லென்ஸ் பழைய எடையிலேயே இருக்கிறது. பழைய லென்ஸ்களைக் காப்பாற்றுவதற்காக மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் கடைசியில் அதே பாரத்தைத்தான் சுமக்கிறார்கள். 18-140-ஐ டி7200-உடனேயே விட்டுவிடுங்கள்.

60 மைக்ரோ மட்டும் விதிவிலக்கு. ஏஎஃப்-டி லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, அந்த அடாப்டரிலும் இல்லை, ஆகவே தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது. கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். கல்லுக்கு அதுவே நல்லது. வியூஃபைண்டருக்குள்ளேயே படத்தைப் பெரிதாக்கி, உளித் தடத்தின் விளிம்பிலேயே ஃபோகஸை நிறுத்தலாம். ஏற்றம் இல்லாத இடங்களுக்குப் போகும்போது அதை எடுத்துப் போங்கள்.

பேட்டரியைப் பற்றித் திருச்சி அண்ணன் சொன்னது உண்மை. உபரியாக இரண்டு வாங்கிப் பையில் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது, அவை மிகச் சிறியவை. மலையில் காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாருக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு கிடையாது, தூசி நேரே போய் உட்காரும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் கீற்றுகளை நிரப்பாதீர்கள். கல்லுக்கும் கேடு, வாசிப்புக்கும் கேடு. நாம் எழுத்து என்று நினைத்ததை அடுத்து வருபவரும் எழுத்து என்றே எண்ணிவிடுவார்.

—

கல்லெழுத்து (மேலூர்)

எல்லோருக்கும் நன்றி. வலக்கையில் கேமரா, இடக்கையில் டார்ச் என்று எழுதியிருந்தீர்களே, என் நிலைமையை நேரில் பார்த்ததுபோல இருந்தது. இதுவரை டார்ச் பிடிக்கவே ஒரு மாணவனை அழைத்துப் போக வேண்டியிருந்தது. மூன்று திசை வெளிச்சம் பற்றிய குறிப்பை என் கேமரா எதுவானாலும் இனி விடமாட்டேன்.

திருச்சி ஐயா, டி7200-ஐ விற்கப்போவதில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு அதுதான். மலைக்கு மட்டும் வேறு.

ஓஎம்-5, இசட்50 இரண்டில் மனம் இப்போது இசட்50 பக்கம் சாய்கிறது. மதுரையில் வாடகைக்குக் கிடைக்கிறது என்று அறிந்தேன். ஒருநாள் எடுத்துக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போய், தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். ஒரே ஐயம். இவ்வளவு சிறிய 16-50 லென்ஸில் படத்தின் ஓரங்கள் தெளிவாக இருக்குமா? கல்வெட்டு வரி நீளமானது, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஓரத்தில்தான் விழும்.

—

காவிரிக்கரை (கும்பகோணம்)

16 மி.மீ.-இல் வைத்து முழு வரியையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் ஓரங்கள் நடுப்பகுதி அளவுக்கு இருக்காது, எழுத்துகளின் வடிவமும் இழுபடும். அந்த ஒரு படத்தை இருப்பிடம் காட்டுவதற்கு மட்டும் எடுத்து வையுங்கள். வாசிப்புக்கு 30 அல்லது 35-இல் வைத்து, எஃப்/8-இல், பாறைக்கு நேர் எதிராகக் கேமராவைப் பிடித்து, வரியைத் துண்டு துண்டாக எடுங்கள். ஒவ்வொரு துண்டும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்ட வேண்டும். அப்போதுதான் பின்னால் கணினியில் ஒட்டிச் சேர்க்க முடியும். அளவுகோல் எல்லாத் துண்டிலும் இருக்கட்டும். டார்ச்சும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே பக்கத்திலிருந்து, அதே சாய்வில் வர வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் நிழல் மாறி, இல்லாத கீற்று ஒன்று முளைத்துவிடும்.

—

ஈரக்காடு (கோவை)

வாடகைக்கு எடுக்கும்போது கார்டை நீங்களே கொண்டுபோங்கள் சார், ரா ஃபைலிலேயே எடுங்கள். அதே வட்டெழுத்தை, அதே வெளிச்சத்தில் டி7200-இலும் ஒன்று எடுத்து இரண்டையும் இங்கே போடுங்கள். ஓஎம்-5 படம் ஒன்றும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். அடுத்த மாதம் மதுரைக்கு வருகிறேன், கொண்டுவருகிறேன்.