மார்ஃபின் மாத்திரையை ஏன் இப்படி எண்ணுகிறார்கள்? இந்தக் கணக்கைத் தொடங்கியது யார்?

செல்வி, உசிலம்பட்டி:

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கடைசி நான்கு மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆரப்பாளையம் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். காலி அட்டையைக் காட்டினால்தான் அடுத்த அட்டை கிடைக்கும்.

போன வாரம் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மீதி மாத்திரையைத் திருப்பித் தரச் சொல்லியிருந்ததால் அண்ணனும் நானும் போனோம். கவுன்ட்டரில் கொட்டி எண்ணினார்கள். 23 இருக்க வேண்டும், 22 தான் இருந்தது. ஒன்று எங்கே என்று கேட்டார்கள். அப்பா ஒருநாள் ராத்திரி விழுங்கிய மாத்திரையை உடனே வாந்தி எடுத்துவிட்டார், வலி தாங்கவில்லை, அதனால் இன்னொன்று கொடுத்தோம். அத்தனை பேர் நடுவில் நின்று இதைச் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது ஒருவர், "இது நம்ம ஊர் சட்டம் மட்டும் இல்லைம்மா, நூறு வருசத்துக்கு முன்னாடி உலக நாடெல்லாம் சேர்ந்து போட்ட கணக்கு" என்றார். உண்மையா? யார் போட்டது, எதற்காக? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் (ஓய்வு), செல்லூர்:

தாயி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் 31 வருடம் மருத்துவமனை மருந்தகங்களில் வேலை பார்த்தவன். கடைசி 14 வருடம் மார்ஃபின் வைக்கும் இரட்டைப் பூட்டு அலமாரியின் ஒரு சாவி என்னிடம்தான் இருந்தது. நீ கேட்ட கேள்வியை நானும் கேட்டுத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அவர் சொன்னது உண்மைதான்.

மார்ஃபின் எடுப்பது அபினிலிருந்து. அந்த அபினின் கதை தொடங்குவது நம் நாட்டில். வெள்ளைக்காரன் காலத்தில் பீகாரிலும் பனாரஸ் பக்கமும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து அபின் பயிரிட வைத்தார்கள். காஜிப்பூர், பாட்னா தொழிற்சாலைகளில் உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனாவுக்கு அனுப்பினார்கள். இந்திய அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் அது ஒன்று. வேண்டாம் என்று தடுத்த சீனாவின் மேல் இரண்டு போர்கள் நடந்தன. 1906இல் சீனப் பேரரசு பத்து ஆண்டில் அபினை ஒழிப்பதாக ஆணை போட்டது. அதே ஆண்டு இந்த வியாபாரத்துக்கு தர்ம நியாயம் கிடையாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே தீர்மானம் வந்தது. 1908 முதல் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக ஏற்றுமதியைக் குறைப்பதாக இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின. தலைமை வகித்தவர் சார்லஸ் பிரென்ட் என்ற பிஷப். பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்தபோது அபின் படுத்திய பாட்டை நேரில் பார்த்தவர். அந்தக் கூட்டத்துக்கு ஒப்பந்தம் போடும் அதிகாரம் இல்லை, தீர்மானம் மட்டும்தான். ஆனாலும் ஒரு நாடு தனியாகக் கதவைச் சாத்தினால் சரக்கு இன்னொரு கதவு வழியாக வரும் என்பது அங்கேதான் எல்லோருக்கும் உறைத்தது.

அடுத்து நெதர்லாந்தின் ஹேக் நகரம். 1912 ஜனவரி 23இல் 12 நாடுகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அபினோடு மார்ஃபின், ஹெராயின், கோகெயின் மூன்றும் அதில் சேர்ந்தன. ஹெராயினை 1898 முதல் பேயர் கம்பெனி இருமல் மருந்தாகவே விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கையெழுத்துப் போட்டார்களே தவிர, நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. மற்ற நாடுகளும் சேர்ந்தால்தான் என்றது ஜெர்மனி. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. 1919இல் வெர்சாய் சமாதான உடன்படிக்கையின் 295ஆம் பிரிவில், இதை ஏற்கும் நாடு ஹேக் ஒப்பந்தத்தையும் ஏற்றதாக அர்த்தம் என்று எழுதிச் சேர்த்தார்கள். போரில் தோற்ற நாடும் ஜெயித்த நாடும் ஒன்றாக உள்ளே வந்தது அப்படித்தான்.

இப்போது நீ கேட்ட கணக்குக்கு வருகிறேன். அது 1925, ஜெனிவா. அதுவரை ஒரு கம்பெனி ஒரு பெட்டி மார்ஃபினைக் கப்பலில் ஏற்றினால், யாருக்குப் போகிறது என்று கேட்க எல்லா நாட்டுக்கும் பொதுவான முறை இல்லை. ஜெனிவாவில் முறை மாறியது. வாங்கும் நாட்டின் அரசு, "இன்னாருக்கு இவ்வளவு தேவை" என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே அனுப்பும் நாடு அனுமதி தரலாம். அனுமதியின் ஒரு பிரதி சரக்கோடு போகும், இன்னொன்று வாங்கும் நாட்டு அரசுக்குப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு ஜெனிவாவில் இருந்த ஒரு வாரியத்துக்குப் போக வேண்டும். ஒரு நாடு அனுப்பியதாகச் சொன்னதும் இன்னொரு நாடு வாங்கியதாகச் சொன்னதும் பொருந்தாவிட்டால், நடுவில் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் தினமும் எழுதிய வரவு, செலவு, இருப்பு எல்லாம் இந்த யோசனையின் கடைசிக் கண்ணிதான். நம் நாட்டில் 1930இல் வந்த அபாயகர மருந்துகள் சட்டத்தின் முகவுரையிலேயே அந்த ஜெனிவா ஒப்பந்தத்தின் தேதி இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது அதற்கப்புறம் நடந்ததில். 1985இல் புதிய போதைப்பொருள் சட்டம் வந்தது. தண்டனை கடுமையானது. ஒரு உரிமம் போதாது, நாலைந்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகம், ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். பயந்துகொண்டு பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. நான் இருந்த இடத்தில் ஒரு வருடத்தில் ஏழு மாதம் அலமாரி காலியாகக் கிடந்தது. திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா புருஷனைக் கூட்டி வருவார், எலும்பு வரை பரவிய நோய். பூட்டிய காலி அலமாரிக்கு முன்னால் நின்று "இல்லைம்மா" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. அந்தக் கணக்கை யாரும் கேட்கவும் இல்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒரே இடத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். உன் அப்பாவுக்கு மாத்திரை கிடைத்தது அதற்குப் பிறகு.

பலசரக்கு மொத்த வியாபாரம், கீழமாசி வீதி:

அய்யா சொன்ன கணக்கு எங்கள் கடை வரைக்கும் வருகிறது. கசகசா அபின் செடியின் விதைதானே. துருக்கியிலிருந்து கசகசா இறக்குவதென்றால் ஒப்பந்தத்தை முதலில் குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சட்டப்படி அபின் செடி பயிரிடும் நாட்டுச் சரக்காக இருந்தால்தான் நடக்கும். விதைக்கு நம் சட்டத்தில் தடை கிடையாது, குருமாவுக்கு அரைக்கலாம். ஆனால் துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தோடு தயவுசெய்து அதைக் கட்டாதீர்கள். அங்கே சட்டம் வேறு. என் கடைக்கு வந்து அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நான் கசகசா கொடுப்பதில்லை.

செல்வி, உசிலம்பட்டி:

அய்யா, ராத்திரி இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். திருட்டுத்தனமாகப் போவதைத் தடுக்க இவ்வளவு யோசித்தவர்கள், அப்பா மாதிரி வலியில் கிடப்பவர்களை நினைத்தார்களா?

மருந்தாளுநர் (ஓய்வு), செல்லூர்:

நினைத்தார்கள் தாயி. 1931இல் ஜெனிவாவில் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு நாடும் அடுத்த வருடம் தன் நோயாளிகளுக்கு எவ்வளவு மார்ஃபின் வேண்டும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதி அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க அந்த அளவுக்குத்தான் தயாரிக்கலாம். 1961இல் பழைய ஒப்பந்தங்களை எல்லாம் ஒன்றாக்கியபோது, வலியையும் துன்பத்தையும் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று முகவுரையில் எழுதினார்கள். கட்டுப்பாடு, கிடைக்கச் செய்வது, இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நம் ஆட்கள் பல வருடம் முதல் பாதியை மட்டும் படித்தார்கள்.

அந்த மதிப்பீடு இப்போதும் வருடா வருடம் நம் நாட்டிலிருந்து வியன்னாவில் உள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. உன் அப்பா சாப்பிட்ட மாத்திரையும் அந்த எண்ணுக்குள் இருந்ததுதான்.

அப்புறம், அந்த ஒரு மாத்திரை. எங்கள் ரிஜிஸ்டரில் "வீணானது" என்று ஒரு பத்தி உண்டு. ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) உடைந்தால், நோயாளி வாந்தி எடுத்தால் அதில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான். உன்னிடம் கேட்டவர் அந்தப் பத்தியை நிரப்பத்தான் கேட்டிருப்பார். உன்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அது அவர்கள் தப்பு.