அந்த மனையில் அடித்த மண் எங்கிருந்து வந்தது?

குழு: நம்ம குடும்பம்

ரவி மாமா: (பலமுறை பகிரப்பட்ட வீடியோ) கேரள ஆஸ்பத்திரிக் கழிவை அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போகிறார்கள் பாருங்கள். அரசு நினைத்தால் மூன்றே நாளில் முடியும்!

கார்த்தி: மாமா, இது 2024 டிசம்பர். திருநெல்வேலியில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டினார்களே, அது.

ரவி மாமா: பழசாக இருந்தால் என்னடா, நல்ல விஷயம்தானே.

பெரியப்பா: அரசு தானாக நினைக்கவில்லை ரவி. பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது, அப்புறம்தான் லாரி வந்தது. அதுவும் மூட்டைக்குள் நோயாளிகளின் சீட்டுகள் கிடந்ததால் எங்கிருந்து வந்தது என்று மறுக்க முடியாமல் போயிற்று.

சாந்தி அத்தை: பேர் போட்ட சீட்டோடா கொட்டினார்கள்? 🤦‍♀️

கார்த்தி: முறைப்படி எரிக்கக் கொடுத்தால் ஆஸ்பத்திரி காசு கட்ட வேண்டும் அத்தை. "நான் பாதி விலைக்கு எடுத்துப் போகிறேன்" என்று ஒரு தரகர் வந்தால், அவர் எங்கே கொண்டு போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

தீபா: இப்போதுதான் லேபிலிருந்து வந்தேன். அந்தக் கழிவு மேலாகக் கிடந்தது, உடனே கண்ணில் பட்டது, அதனால் அள்ள முடிந்தது. மண்ணுக்குள் இறங்கிவிட்டால் லாரி வந்து ஒன்றும் ஆகாது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். குரோமிய ரசாயனம் தயாரித்த அந்த ஆலையைத் தொண்ணூறுகளிலேயே மூடிவிட்டார்கள். அதற்கப்புறமும் மழை பெய்தால் மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது.

ரவி மாமா: அந்த மண்ணையும் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே?

தீபா: எடுத்து எங்கே போடுவது மாமா? இன்னொரு ஊரிலா? குரோமியம் மண்ணில் முக்கியமாக இரண்டு வடிவில் இருக்கும். அதில் ஆறு இணைதிறன் உள்ளதுதான் விஷம், தண்ணீரில் கரைந்து ஓடும். அதை ரசாயனம் சேர்த்து மூன்று இணைதிறனாக மாற்றினால் பெரும்பாலும் மண்ணோடேயே தங்கிவிடும். மேலே மழைநீர் இறங்காமல் மூட வேண்டும், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஆகும்.

பெரியப்பா: இதற்கு ஜப்பானில் தெஷிமா தீவுக் கதையைச் சொல்ல வேண்டும்.

கார்த்தி: பெரியப்பா தட்டச்சு செய்கிறார்... எல்லோரும் காபி போட்டுக்கொண்டு வாருங்கள் 😄

பெரியப்பா: போடா. எழுபதுகளின் கடைசியில் ஒரு கம்பெனி, மண்புழு வளர்க்கப் போகிறோம் என்று ககாவா மாகாண அரசிடம் அனுமதி வாங்கியது. வந்ததோ கார்களை உடைத்து அரைத்த தூள், கழிவு எண்ணெய். கடற்கரையில் போட்டு எரித்தார்கள். ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தால், "அது குப்பை இல்லை, அவர்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள்" என்று அதிகாரிகளே பரிந்து பேசினார்கள். கடைசியில் 1990-இல் பக்கத்து மாகாணமான ஹியோகோ போலீஸ்தான் வந்து சோதனை போட்டது.

சாந்தி அத்தை: சொந்த மாகாணம் சும்மா இருக்க, பக்கத்து மாகாணமா!

பெரியப்பா: ஆமாம்மா. அப்புறமும் பத்து வருஷம் போராட்டம். 2000-இல்தான் ஆளுநர் ஊர்க்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டு ஒப்பந்தம் போட்டார். கழிவைப் பக்கத்து நவோஷிமா தீவுக்குக் கப்பலில் கொண்டுபோய் உருக்கினார்கள். ஒன்பது லட்சம் டன். 2017 வரை ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலை ஓடியது. மண்புழுவுக்குக் கொடுத்த ஒரு கையெழுத்து!

கார்த்தி: காசு யார் கொடுத்தது?

பெரியப்பா: பெரும்பகுதி அரசு, அதாவது ஜனங்களின் வரி. எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. கொட்டினவன் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விடுவான். இங்கேயும் 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகமான இடங்களைப் பட்டியல் போட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும்.

கார்த்தி: அப்போது செய்தியில் படித்தேன். நாடு முழுக்க 103 இடங்களை அடையாளம் கண்டார்களாம், 7 இடத்தில்தான் வேலையே தொடங்கியிருந்தது.

தீபா: அந்த விதிகளில் சாதாரணக் குப்பைமேடு வராது, அதற்கு வேறு சட்டம். எனக்கு அந்த ஆறு மாதப் பட்டியல்தான் முக்கியமாகப் படுகிறது. இந்த இடத்தில் இது புதைந்திருக்கிறது என்று எழுத்தில் இருந்தால்தான் அடுத்து வாங்குபவருக்குத் தெரியும். அமெரிக்காவில் லவ் கால்வாய் என்ற இடத்தில் 20 ஆயிரம் டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடி, 1953-இல் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். அங்கேயே பள்ளிக்கூடம், சுற்றிலும் வீடுகள். 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்து ஜனங்களை வெளியேற்றினார்கள்.

சாந்தி அத்தை: என்னங்க... நாம் பார்த்துவிட்டு வந்த மனையும் பள்ளத்தை மண் அடித்து மேடாக்கியதுதானே?

ரவி மாமா: அது அப்ரூவ்டு மனை சாந்தி. பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்தாயிற்று.

தீபா: வில்லங்கச் சான்றிதழில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று போட மாட்டார்கள் மாமா. பள்ளம் எப்படி வந்தது? எத்தனை அடி மேடாக்கினார்கள்? மண் எங்கிருந்து வந்தது? தரகரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் பாருங்கள்.

ரவி மாமா: மேல் மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்தால் நீ பார்த்துச் சொல்லிவிடுவாயா?

தீபா: மேல் மண் போதாது. விற்பதற்கு முன்னால் செம்மண் பரப்பி அழகாகத்தான் வைப்பார்கள். ஓரிரண்டு இடத்தில் துளை போட்டு, ஆழத்துக்கு ஒன்றாக மாதிரி எடுக்க வேண்டும். கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, நடுவில் பிளாஸ்டிக், சாம்பல் என்று வந்தால் லேபுக்கே போக வேண்டாம், அந்த மனையை விட்டுவிடலாம்.

பெரியப்பா: கேட்டுவிடு ரவி. கேட்பதில் என்ன நஷ்டம்?

ரவி மாமா: சரி சரி, இப்போதே போன் போடுகிறேன்.

சாந்தி அத்தை: இவர் எதையும் ஸ்பீக்கரில் போட மாட்டார். வெளியே போய்ப் பேசுகிறார் 🙄

கார்த்தி: அத்தை, கமென்ட்ரி தொடரட்டும்.

சாந்தி அத்தை: முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரவி மாமா: முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமாம். எட்டடி நிரப்பியிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் ராத்திரியில் கொண்டுவந்து கொட்டினார்களாம், காசுகூட வாங்கவில்லையாம்.

தீபா: மண் காசில்லாமல் வருமா மாமா?

ரவி மாமா: அதைத்தான் கேட்டேன். "நல்ல மண்ணுங்க சார், மழைக்கு மட்டும் லேசா ஒரு வாடை வரும், ரெண்டு நாள்ல போயிடும்" என்கிறார்.

பெரியப்பா: அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா?

ரவி மாமா: வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

சாந்தி அத்தை: கொடுக்கப் போவதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். தீபா, அந்த ராத்திரி லாரி விஷயத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எப்படி எழுதுவது? மாதிரிக் கடிதம் இருந்தால் அனுப்பும்மா.

தீபா: சர்வே எண்ணும் இரண்டு போட்டோவும் அனுப்புங்கள் அத்தை, நான் எழுதித் தருகிறேன்.