புதுப்பிப்பு: விறகு அடுப்புப் புகை வீட்டுக்குள் திரும்பியது – சரியாகிவிட்டது

கனடாவின் ஒன்ராறியோவில் வெளிச்சுவரோடு நிற்கும் செங்கல் புகைபோக்கி, அதன் உட்சுவராக 8×12 அங்குலச் சுடுமண் ஓடு, புகை வெளியேறும் வாய் 6 அங்குலம் உள்ள அடுப்பு. புகை திரும்புகிறது, கிரியோசோட் (விறகுப் புகையிலிருந்து படியும், தீப்பற்றக்கூடிய தார்) சீக்கிரம் படிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

பலித்தது, காப்புப் போர்வை சுற்றிய 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கச் சொன்ன யோசனைதான். ஓட்டுக்குள் 70 சதுர அங்குலத்துக்கு மேல் இடம்; குழாய்க்கு 28 போதும். அகலத்தில் புகை ஆறிப்போய் இழுவை (புகை மேலே ஏறும் வேகம்) செத்துவிடுகிறது.

எதிர்பாராதது: 8×12 என்பது வெளியளவு. உள்ளே குறுக்கே 6¾ அங்குலம்தான். அரை அங்குலப் போர்வையோடு குழாய் 7 தாண்டுவதால் நுழையவில்லை. ஓடுகளை உடைத்தெடுத்து, பழைய கிரியோசோட்டையும் சுரண்டிய பிறகே இறங்கியது. வாங்குமுன் உள்ளளவு எடுங்கள்! டாம்பர் (புகைவழியைத் திறந்து மூடும் தகடு) இருந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தாயிற்று.

சுத்தம் செய்ய பிளாஸ்டிக் நார்த் தூரிகைதான். இரும்புக் கம்பித் தூரிகை குழாயைக் கீறும். மறுபடி இழுவை குறைந்தால் முதலில் உச்சித் தொப்பியின் வலையைப் பாருங்கள், அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். விறகைப் பிளந்து, புதிதாகப் பிளந்த பரப்பில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் மட்டும் போடுங்கள்.