சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை, எங்கே தவறினோம்?

மாடிப்படி கேட்டது:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 15 வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாதம் பள்ளிக்கே போகவில்லை. தினமும் லிஃப்டில் பார்த்துச் சிரித்த பையன்தான், ஆனால் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் அம்மாவுக்கு இரவு வேலை. விஷயம் தெரிந்து நான் போய்ப் பேசியபோது, "நீங்கள் எல்லாரும் என்ன நினைப்பீர்களோ என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். அந்த வார்த்தை இன்னும் மனதை அறுக்கிறது.

அதற்கு அப்புறம்தான் 11 குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமை மாலைகளில் பொதுக்கூடத்தைப் பிள்ளைகளுக்காகத் திறந்தோம். கைப்பேசிப் பழக்கம், போதை, தேர்வு பயம் என்று வாரம் ஒருவரைப் பேச அழைத்தோம். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். போன வாரம் 3 பேர், அதிலும் ஒருத்தி என் மகள். அந்தப் பையன் ஒரு நாள்கூட வரவில்லை. நிறுத்த மனமில்லை. எதை மாற்றலாம்?

நீலக்குடை:

பேச்சாளர்களை விட்டுவிட்டு விளையாட்டு வையுங்கள், கூட்டம் வரும்.

கரும்பலகை:

விளையாட்டு நல்லதுதான். ஆனால் மாடிப்படி, அந்த அம்மா சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர் கஷ்டம் பையனைப் பற்றியது மட்டும் இல்லை. அக்கம்பக்கத்தில் மனம்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நீங்கள் பிள்ளைகளைக் கூட்டினீர்கள். பெற்றோர்களை ஒருவரோடு ஒருவர் பழக வைக்கவில்லை.

27 வருடம் பள்ளியில் இருந்தவள் நான். ஐஸ்லாந்தில் நடந்ததை எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டேன். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். இது போதை பற்றிப் பயமுறுத்திப் பேசி வந்த மாற்றம் இல்லை. பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்து நிலைமையைக் கேட்டார்கள், அதை அந்தந்த ஊர்ப் பெற்றோரிடம் காட்டினார்கள். இசை, நடனம், விளையாட்டு என்று மாலை நேரத்தை நிரப்ப அரசு பணம் கொடுத்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, மற்றவர் பிள்ளைகளின் நலனையும் கவனித்துக்கொள்வோம் என்பது. உங்கள் லிஃப்டில் இல்லாமல் போனது அதுதான்.

இன்னொன்று, என் தவறிலிருந்து சொல்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில் 9 பிள்ளைகளைத் தனித்தனியாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது மாதம் கணவருக்கு உடல்நிலை மோசமாகி, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டேன். அதில் ஒரு பெண் அதற்கு அப்புறம் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். வழிகாட்டிகளோடு சேர்த்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் 2002-இல் வந்த ஆய்வு ஒன்றைப் பின்னால் படித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகள் நன்மை செய்திருந்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. அதனால் யாராவது பொறுப்பு எடுத்தால் ஒரே ஒரு பிள்ளை, ஒரு வருடம். முடியாதவர்கள் கூடம் திறப்பது, பெருக்குவது என்று வேறு வேலை பார்க்கட்டும்.

வேறு யோசனைக்கு முன்னால் அந்த அம்மாவிடம் போங்கள். அவர் தூங்கி எழும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

சைக்கிள்மணி:

எனக்கு 19 வயது. எங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று இருந்தது, நானும் வாரத்துக்கு வாரம் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்தேன். போனால் நம்மைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். ஒரு நாள் கூடத்தின் சாவியை என்னிடம் கொடுத்து, அடுத்த வாரம் நீதான் திறக்க வேண்டும் என்றார்கள். நான் போகாவிட்டால் எல்லாரும் வெளியே நிற்பார்களே! அதற்கு அப்புறம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டீர்களா?

மாடிப்படி:

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள்மணி, நாங்கள் கேட்கவே இல்லை. என் மகளிடம் விசாரித்தேன். பழுதான மின்விசிறி, ரேடியோ எல்லாம் அவன் பிரித்துச் சரிசெய்வானாம், அவளுக்கு முன்பே தெரியுமாம். கூடத்தில் இரண்டு மின்விசிறிகள் ஓடாமல் கிடக்கின்றன.

கரும்பலகை அம்மா, அந்தப் பையனின் அம்மா மாலை 4 மணிக்கு எழுவாராம். நாளைக்குப் போகிறேன். கூட்டத்தைப் பற்றி எதுவும் பேசப் போவதில்லை, அவரோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மின்விசிறி விஷயத்தை அவனிடமே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமைப் பேச்சாளரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.