லக்கோட்டா மொழியில் மூத்தவரிடம் பணிவாகக் கேட்பது எப்படி?

அமெரிக்காவில், தெற்கு டக்கோட்டாவின் ரேப்பிட் சிட்டியில் செவிலியராகப் பணிபுரியும் நான், லக்கோட்டா பழங்குடியினரின் ஒதுக்கிடமான பைன் ரிட்ஜிலிருந்து சிகிச்சைக்கு வரும் பெரியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேச விரும்பி, கடந்த குளிர்காலம் முதல் லக்கோட்டா கற்று வருகிறேன். ஏவல் வாக்கியங்களில்தான் தடுமாறுகிறேன்.

'இங்கே வா' என்பதற்கு ஆண்கள் 'ஹியு வோ' என்றும் பெண்கள் 'ஹியு வே' என்றும் சொல்வார்கள். பலரை அழைத்தால் அவை 'போ', 'பே' என முடியும். தமிழில் 'வாருங்கள்' என்பதைப் போலப் பன்மை ஈறு ஒருவருக்கு மரியாதை தருவதாக எங்கும் காணவில்லை. 2008இல் வெளிவந்த புதிய லக்கோட்டா அகராதியைப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த ஒலிப்பதிவுகளில் பேசுபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். தாத்தா வயதுடையவரிடம் வெறும் கட்டளையாகப் பேச மனம் ஒப்பவில்லை.

ஒரு பெண், மூத்தவர் ஒருவரை மரியாதையுடன் அமரச் சொல்ல, லக்கோட்டாவில் எந்த ஈற்றைப் பயன்படுத்த வேண்டும்?