அதிவேக லேசரா, மீக்குறுந்துடிப்பு லேசரா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒளியை மிக மிகக் குறுகிய துடிப்புகளாக விடும், ராணுவ வண்டியில் ஏற்றிச் செல்லும் லேசருக்கு (ultrashort pulse laser) 'அதிவேக லேசர்' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்ததில் எனக்கு உடன்பாடில்லை. எந்த லேசரிலிருந்து கிளம்பினாலும் ஒளிக்கு ஒரே வேகம்தான். நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதும் வேறு கணக்கு. இங்கே பேச்சு, ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பற்றி. ஃபெம்டோநொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 100 ஃபெம்டோநொடி என்றால், ஒளி 30 மைக்ரோமீட்டர் நகர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

'வல்லொளி' என்ற இன்னொரு பரிந்துரை இன்னும் மோசம். 1 டெராவாட் (லட்சம் கோடி வாட்) திறனில் 200 ஃபெம்டோநொடி நீடிக்கும் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஆற்றல் 0.2 ஜூல். எங்கள் ஊர் சீப்புச் சீடை நூறு கிராம் பொட்டலத்தை ஒரு சாண் தூக்க அவ்வளவு வேண்டும், அவ்வளவுதான்! நேரம் சுருங்குவதால்தான் திறன் எகிறுகிறது. அந்தத் துடிப்பை அப்படியே பெருக்கினால், பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) கண்ணாடியே பழுதாகும். துடிப்பை நேரத்தில் நீட்டி, பெருக்கி, பிறகு ஒடுக்கும் வழியை இயற்பியலாளர்கள் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் 1985-ல் காட்டினார்கள். 2018-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆகவே பெயரில் குறுமை இருந்தே ஆக வேண்டும்.

'மீயொலி' (ultrasonic) பாடநூலிலேயே இருக்கிறது. அந்த 'மீ'யைக் கொண்டு 'மீக்குறுந்துடிப்பு லேசர்' என்கிறேன். நீளம்தான், ஆனால் பிழையில்லை. லேசருக்குத் தமிழில் 'சீரொளி' வேண்டுவோர் கோபிக்க வேண்டாம். பட்டறையில் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம், களத்துக்கு ஏற்ற உறுதி (rugged) என்பதற்கான சொல். 'கரடுமுரடு லேசர்' என்று ஒருவர் எழுதியிருந்தார், சிரிப்பு வந்துவிட்டது. 'அதிர்வுதாங்கி' என்றால் மெக்கானிக் வண்டியின் ஷாக் அப்சார்பரை நினைப்பார். காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியலைகளை ஒன்றோடொன்று சேர்த்து வரிகளாகக் காட்டும் கருவி) காட்டும்போது, வெளியே லாரி போனால் திரையில் குறுக்கீட்டு வரிகள் நடுங்கும். மேசை மேல் வைத்ததற்கே இந்தக் கதி என்றால், குலுங்கும் வண்டியில் ஆடிகள் நேராக நிற்குமா? அதனால்தான் யிட்டர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளியை ஓடவிடுகிறார்கள். சரிசெய்ய வேண்டிய ஆடிகள் குறைகின்றன. அடக்கமாகவும் இருக்கும். ஆனாலும் உயர்திறனுக்கு வரும்போது, கடைசியில் துடிப்பை ஒடுக்கும் கீற்றணிகள் (gratings, நுண்கோடுகள் கொண்ட தகடுகள்) பெரும்பாலும் இழைக்கு வெளியேதான். அவற்றைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். குலுக்கல், வெயில், தூசி மூன்றுக்கும் சேர்த்து 'களந்தாங்கு' என்ற முன்னொட்டு போதும் என்பது என் கட்சி.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். துடிப்பை நீட்டும்போது வரும் 'சிர்ப்' (chirp, துடிப்புக்குள்ளேயே அதிர்வெண் நேரத்தோடு மாறுவது) என்பதற்குக் 'கீச்சு' சரிவருமா என்பதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம்.