24 வயசுக்கே லேட் ஆயிடுச்சுன்னு தோணுறது நார்மலா?

அரைத்தூக்கம்:
வேலை ஒண்ணு இருக்கு, ஆனா இதுதான் நான்னு சொல்லிக்க முடியல. நாள் நகரவே மாட்டேங்குது ஆனா வருஷம் மட்டும் பறக்குது, கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்கன்னு பதட்டம் வேற, சரி எதையாவது ஆரம்பிப்போம்னா கையும் ஓட மாட்டேங்குது. சோம்பேறித்தனமா இது, இல்ல வேற ஏதாவதா?

மனசுபாடம்:
எரிக் எரிக்சன்னு ஒரு உளவியல் அறிஞர் இத அப்பவே எழுதிட்டாருங்க. நான் யாருங்கறது பிடிபடாதப்போ நேர உணர்வும் குழம்பிடும்னாரு. ஒரு பக்கம் பயங்கர அவசரம், இன்னொரு பக்கம் நேரம்னு ஒண்ணு இருக்கறதே மறந்த மாதிரி மந்தம். ஒரே ஆளுக்கே சின்னப்பிள்ளை மாதிரியும் இருக்கும், வயசாகி முடிஞ்சுபோன மாதிரியும் இருக்குமாம். அதனால சோம்பேறின்னு உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. ஆனா தூக்கம் சாப்பாடெல்லாம் கெடுற அளவுக்குப் போனா டாக்டரப் பாத்துடுங்க.

கடைசிபெஞ்ச்:
ப்ரோ, 1966ல ஜேம்ஸ் மார்சியான்னு இன்னொரு உளவியலாளர், நான் யாருன்னு தேடுற விஷயத்துல ஆளுங்கள நாலா பிரிச்சாரு. தேடிப் பாத்து முடிவெடுத்தவங்க, இன்னும் தேடிட்டு இருக்கறவங்க (மொராட்டோரியம்), தேடாமலே வீட்டுல சொன்னத அப்படியே ஏத்துக்கிட்டவங்க, தேடவும் இல்லாம முடிவும் இல்லாம இருக்கறவங்க. சீக்கிரம் செட்டில் ஆன உங்க ஃப்ரெண்ட்ஸ்ல சில பேரு அந்த மூணாவது வகையா இருக்கலாம், வெளிய இருந்து பாத்தா முதல் வகை மாதிரிதான் தெரியும்.

வெயில்காலம்:
கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தத் தேடுற காலத்துக்கு யாரு காசு கட்டுறா? வீட்டக் காப்பாத்த வேண்டியவன் 18லயே முடிவெடுத்துதான் ஆகணும், அவன ஆராயாம ஏத்துக்கிட்டவன்னு சொல்றது எனக்கு ஒப்பல. இன்னொண்ணு, 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, 18ல இருந்து 68 வயசு வரைக்கும் 19,000 பேருக்கு மேல. போன பத்து வருஷத்துல நிறைய மாறிட்டேன், இனி பெருசா மாறமாட்டேன்னு எல்லா வயசுக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. அப்படின்னா நாம நினைக்கிறத விட அதிகமாவே மாறுறோம்னு அர்த்தம். இப்ப நீங்க எடுக்கிற முடிவும் கடைசி முடிவு இல்ல, அதுக்குப் போய் இவ்ளோ பயமா?

அரைத்தூக்கம்:
நன்றிங்க எல்லாருக்கும். ஆனா நான் தேடுறேனா, தேடுற மாதிரி நடிக்கிறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கடைசிபெஞ்ச்:
கடைசியா எத ட்ரை பண்ணிப் பாத்துட்டு இது நமக்கு வேணாம்னு விட்டீங்க? டக்குனு ஒண்ணு ஞாபகம் வந்தா தேடுறீங்கன்னு அர்த்தம். வெறும் வீடியோ பாத்தது கணக்குல வராது :)